ஈயின் ஆயுளை எண்ணுவது எப்படி: கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு தொண்ணூறு நாள் செய்முறை

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கள்ளுக்கடைகளில் பானை வாயைச் சுற்றியே பறக்கும் சிவப்புக்கண் குட்டி ஈயை எல்லாருக்கும் தெரியும். பழ ஈ என்று பெயர் வைத்திருக்கிறோம். அது தேடி வருவதென்னவோ பழத்தை அல்ல, பழத்திலும் கள்ளிலும் வளரும் ஈஸ்ட்டை. அந்த ஈஸ்ட்டின் அளவை மாற்றினால் ஈயின் ஆயுள் மாறும். மூப்பை ஆராய்கிற பெரிய ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் இந்தச் சோதனையை எம்.எஸ்சி. புராஜெக்ட்டாக ஒரு பி.ஓ.டி. இன்குபேட்டரும் (சூட்டை ஒரே அளவில் வைக்கும் பெட்டி) அறுபது குப்பிகளும் கொண்டு செய்து முடிக்கலாம். எலியிலோ மனிதச் செல்லிலோ இந்தச் செலவில் நடக்காது.

முதலில் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது. செல் மூப்பு என்றதும் மாணவர்கள் டெலோமியர் (குரோமோசோமின் முனைப் பகுதி) என்று ஆரம்பிப்பார்கள். வளர்ப்புத் தட்டில் மனிதச் செல்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961-ல் காட்டியதை இந்த ஈயில் பார்க்க முடியாது. வளர்ந்த ஈயின் உடம்பில் குடல், இனப்பெருக்க உறுப்பு தவிர மற்றச் செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை. டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியும் இதற்குக் கிடையாது. குரோமோசோம் முனைகளை வேறு வழியில் காத்துக்கொள்கிறது. இங்கே தெரியவருவது சத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள கணக்கு. ஈஸ்ட்டுதான் ஈக்குப் புரதம். புரதம் நிறைய வந்தால் சத்து வந்ததைச் செல்லுக்குச் சொல்லும் இன்சுலின், டார் (TOR) என்ற இரண்டு சமிக்ஞைப் பாதைகளும் முடுக்கிவிடப்படும். உடம்பு முட்டை போடுவதில் இறங்கும், செல்லுக்குள் பழுதான பாகங்களைத் தானே தின்று சீர்செய்யும் வேலை பின்தங்கும். ஈஸ்ட்டைக் குறைத்தால் இது தலைகீழாகும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பட்டினிச் சாவு. இந்த மூன்று நிலையும் ஒரே வரைபடத்தில் வர வேண்டும், அதனால் மூன்று உணவு வேண்டும்.

எந்த மாதம்

ஓணம் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் முட்டை சேகரியுங்கள். கிறிஸ்துமஸ் வாக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். மார்ச் முதல் மே வரை தொடவே வேண்டாம். பாலக்காட்டில் பகல் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் நாட்களில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் இன்குபேட்டருக்குள்ளும் சூடு ஏறும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகி ஸ்டாக்கே (தொடர்ந்து வளர்த்துவரும் ஈக் கூட்டம்) அழியும். ஜூன், ஜூலை மழையில் பூஞ்சணம் தொல்லை. நவம்பருக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் உணவு காய்ந்து குப்பிச் சுவரிலிருந்து விலகும், அந்த இடுக்கில் ஈ போய்ச் சிக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து எளிது: இன்குபேட்டரின் அடித்தட்டில் அகலமான தட்டில் தண்ணீர், பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி. 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும்.

வெப்பம் 25 டிகிரி. இதில் சலுகை கிடையாது. சூட்டில் ஈ சீக்கிரம் சாகும், குளிரில் நெடுநாள் வாழும் என்பது 1917-லேயே லோப், நார்த்ராப் இருவரும் அளந்து காட்டியது. மேல்தட்டு கீழ்த்தட்டுக்கு ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருந்து, ஒரே உணவுக் குப்பிகள் எல்லாம் ஒரே தட்டில் நின்றால், நீங்கள் அளப்பது உணவை அல்ல, அலமாரியை. ஆகவே மூன்று உணவுக் குப்பிகளையும் கலந்து அடுக்கி, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தட்டு மாற்றி வையுங்கள். விளக்கு 12 மணி நேரம் எரிந்து 12 மணி நேரம் அணைய வேண்டும். இன்குபேட்டரில் விளக்கு இல்லையென்றால் ஒரு சிறிய எல்.இ.டி. பட்டையும் டைமரும் போதும்.

ஈ எங்கே கிடைக்கும்

கள்ளுக்கடைப் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கனிந்த பூவன் பழத் துண்டும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி வைத்தால் மறுநாள் நூறு ஈ இருக்கும். பிடிப்பது சுலபம், பயன்படுத்துவது கஷ்டம். அந்த நூறில் நாலைந்து இனங்கள் கலந்திருக்கும். பெண் ஈக்களைக் கண்ணால் பிரிப்பது அனுபவசாலிக்கே சிரமம். வயதும் தெரியாது. கூடவே சிலந்திப்பேன் ஏறி வரும். முதல் தடவை செய்பவர்கள் மைசூர்ப் பல்கலைக்கழகத்து டிரோசோஃபிலா (பழ ஈ) ஸ்டாக் மையத்தில் கேட்டு டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் காட்டு ரகம் ஒன்றை (ஒரேகான்-கே போல) வாங்குவதே நல்லது. பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் தெர்மாக்கோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் கட்டி குப்பியைத் தொடாமல் இடையில் துணி சுற்றுங்கள்.

ஸ்டாக்கை வளர்க்க மைசூர் முறை ரவை மீடியா போதும்: தண்ணீர் 1 லிட்டர், வெல்லம் 100 கிராம், கோதுமை ரவை 100 கிராம், அகர் 10 கிராம், புரோபியோனிக் அமிலம் 7.5 மில்லி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிவிட்டுக் கொதிக்க வையுங்கள், மண் நிறைய இருக்கும். அகரைத் தூவி முழுக்கக் கரைந்த பிறகே ரவை, உப்புமா கிண்டுவதுபோல் கட்டியில்லாமல். அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு அமிலம். இந்த மீடியாவை ஆயுள் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். வெல்லம் மண்டிக்கு மண்டி வேறு, ரவையில் எவ்வளவு புரதம் என்பதும் உங்கள் கையில் இல்லை.

சோதனை உணவு

ஒரு லிட்டருக்கு: சர்க்கரை (சுக்ரோஸ்) 50 கிராம், அகர் 15 கிராம், ஈஸ்ட் மூன்று அளவு: 10 கிராம், 100 கிராம், 200 கிராம். மற்றதெல்லாம் மூன்றிலும் ஒன்றே. பூஞ்சணத் தடுப்புக்கு மெத்தில் பாரபென் 10 கிராமை 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் கரைத்து 100 மில்லி ஆக்கிக்கொண்டு, அதில் லிட்டருக்கு 30 மில்லி. புரோபியோனிக் அமிலம் 3 மில்லி.

எழுநூறு மில்லி தண்ணீரில் அகரைக் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மறுபடி கொதி வரட்டும். ஈஸ்ட் சேர்த்ததும் நுரை பொங்கும், பால் பொங்குவதைவிட வேகமாக. 200 கிராம் வகைக்கு மூன்று லிட்டர்ப் பாத்திரம் இல்லாமல் இறங்காதீர்கள். ஈஸ்ட் உயிரோடு மிஞ்சினால் குப்பிக்குள் புளித்து, வாயு கிளம்பி, உணவைப் பஞ்சடைப்பு வரை தூக்கிவிடும். ஆகவே நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுவந்து, 60 டிகிரிக்கு இறங்கிய பின் பாரபென் கரைசலையும் அமிலத்தையும் ஊற்றிக் கிண்டி, லிட்டரை நிறைவு செய்யுங்கள். கொதிக்கும்போதே ஊற்றினால் ஆல்கஹாலும் அமிலமும் ஆவியாகி உங்கள் கண்ணுக்குத்தான் போகும், அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் தீயும் பிடிக்கும். 45 டிகிரிக்குக் கீழே விட்டுவிட்டால் ஊற்றும்போதே அகர் உறையத் தொடங்கும். கைக்கு உறை போடுங்கள், அமிலம் தோலைப் புண்ணாக்கும்.

பூஞ்சணம் வருகிறதே என்று பாரபெனைக் கூட்டுவது வழக்கமான தவறு. அதுவே ஈக்கு விஷம். ஒரு உணவில் மட்டும் கூட்டினால் கணக்கு கெட்டது. பூஞ்சணத்துக்குக் காரணம் பெரும்பாலும் சரியாக உலராத குப்பி.

அகரில் சிக்கனம் பார்க்காதீர்கள். மளிகைக் கடையில் விற்கும் கடல்பாசி இழை பாயசத்துக்குச் சரி, ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வொரு விதமாக உறையும். உணவு இளகினால் ஈ இறக்கை ஒட்டிச் சாகும். அது மூப்புச் சாவு இல்லை. நுண்ணுயிரியல் தர அகர்ப் பொடியே வாங்குங்கள். ஈஸ்ட்டையும் சோதனை முழுமைக்கும் ஒரே தடவையில், ஒரே கம்பெனி, ஒரே பேட்ச்சாக வாங்குங்கள். கணக்கு இது: குப்பிக்கு 5 மில்லி, 30 குப்பி, வாரம் மூன்று முறை என்றால் வாரத்துக்கு 450 மில்லி. 13 வாரத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர், உணவுக்கு 2 லிட்டர். ஈஸ்ட் 620 கிராம். சிந்தல் சிதறலுக்குச் சேர்த்து ஒரு கிலோ.

ஊற்றிய குப்பிகளை மெல்லிய மல் துணி மூடி ஓர் இரவு ஆறவிடுங்கள். காலையில் சுவரில் வியர்வை இருந்தால் துடைத்துவிட்டுப் பஞ்சடைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், இரண்டு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியில் நேராக ஈயைப் போடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் மறுபடி வியர்த்து ஈயை ஒட்ட வைக்கும். ஆறவிடும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். நம் ஊர் எறும்பு ஓர் இரவில் கண்டுபிடித்துவிடும்.

ஒரே வயது ஈக்கள்

திராட்சைச் சாறும் அகரும் கலந்து ஊற்றிய தட்டில் நடுவே ஈஸ்ட் பசை ஒரு பொட்டு. ஸ்டாக் ஈக்களை அதன் மேல் கவிழ்த்து மூடி, நாலைந்து மணி நேரம் முட்டையிட விடுங்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையின் கருஞ்சிவப்பில் வெள்ளை முட்டைகள் பளிச்சென்று தெரியும், எண்ண வசதி. மெல்லிய தூரிகையால் குப்பிக்கு 60 முட்டை வீதம் ரவை மீடியாவுக்கு மாற்றுங்கள். எண்ணாமல் அள்ளிப் போட்டால் புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்து குட்டையான ஈக்கள் வரும். அவற்றின் ஆயுளும் வேறு. சிறுவயது நெருக்கடி ஆயுள் முழுக்கத் தொடர்வது ஈக்கும் உண்டு.

25 டிகிரியில் பத்தாம் நாள் வாக்கில் ஈக்கள் வெளிவரும். முதலில் வரும் சிலவற்றை விட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் வந்தவற்றை மட்டும் எடுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து 48 மணி நேரம் இருக்கட்டும், எல்லாப் பெண் ஈயும் ஒருமுறை கூடிய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு பெண்களை மட்டும் பிரியுங்கள். உணவுக் குறைப்பின் விளைவு பெண் ஈயில்தான் பெரிதாகத் தெரியும். ஆணின் வயிற்று நுனி கறுப்பு, முன்னங்காலில் சின்னச் சீப்பு போல முடி. இரண்டையும் பாருங்கள். அப்போதுதான் பிறந்த ஆணின் நுனி கறுத்திருக்காது, அதனால் வயிற்றை மட்டும் நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. ஒரு ஆண் ஒரு குப்பிக்குள் போனாலும் தொடர்ந்து கூடி அங்குள்ள பெண்களின் ஆயுளைக் குறைப்பான்.

பிரிக்க மயக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிறந்தது. இல்லையென்றால் ஈக்களை உணவில்லாத காலிக் குப்பிக்கு மாற்றி, அதை ஐஸில் புதைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். ஈதர் வேண்டாம். தீப்பிடிக்கும், கொஞ்சம் கூடிப்போனால் இறக்கைகள் மேலே விரிந்து நிற்கும், அந்த ஈ பிழைக்காது. மயங்கிய ஈயை உணவில் கொட்டாமல் குப்பியைப் படுக்கவைத்துச் சுவரில் போட்டு, எழுந்து நடந்த பிறகு நிமிர்த்துங்கள். குப்பிக்கு 10 ஈ, உணவுக்கு 10 குப்பி, மொத்தம் 300. இதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மயக்கவே கூடாது.

குப்பியில் உணவின் பெயரை எழுதாதீர்கள். எண் மட்டும். எந்த எண் எந்த உணவு என்ற பட்டியல் கைடிடம் இருக்கட்டும். 200 கிராம் உணவு நிறத்திலேயே தெரிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் சாவை எண்ணும்போது மனசு ஒரு பக்கம் சாய்வதை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு நல்லது.

திங்கள், புதன், வெள்ளி

மாற்றும் முறை: புதுக் குப்பியை இடது கையில் தலைகீழாகப் பிடித்து, பழைய குப்பியை மேசை ரப்பரில் ஒரு தட்டு தட்டி ஈக்கள் கீழே விழுந்த நொடியில் பஞ்சை எடுத்து, வாயோடு வாய் வைத்து இரண்டையும் திருப்பித் தட்டுங்கள். புதுக் குப்பி அடியில் வர வேண்டும். பஞ்சடைப்பு உறுதியாக இருக்கட்டும், தளர்ந்தால் ஈ பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நசுங்கும்.

பழைய குப்பியில் கிடப்பவற்றை எண்ணுங்கள். அதோடு புதுக் குப்பியையும் ஒரு முறை பாருங்கள். செத்த ஈ ஒன்று சேர்ந்து விழுந்திருக்கலாம். அதை இன்று எண்ணி, அடுத்த முறை அந்தக் குப்பியில் மீண்டும் எண்ணினால் ஒரே ஈ இருமுறை சாகும். நோட்டில் அந்தக் குப்பி எண்ணுக்கு நேரே ‘கூட வந்தது 1’ என்று எழுதிவிடுங்கள். அசையாமல் கிடப்பதெல்லாம் சாவு இல்லை. வயதான ஈ மல்லாந்து கிடந்து கால் மட்டும் ஆட்டும். குப்பியைத் தட்டிப் பாருங்கள், கால் அசைந்தால் உயிரோடு இருக்கிறது.

புராஜெக்ட்டுகள் பெரும்பாலும் கெடுவது இந்த நோட்டில்தான். பறந்துபோன ஈ, பஞ்சில் நசுங்கிய ஈ, உணவில் ஒட்டிக்கொண்ட ஈ எதுவும் சாவுக் கணக்கில் வராது. அவை ‘விடுபட்டவை’ என்று தனிப் பத்தியில் வரும். உதாரணத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு உணவில் காலையில் கணக்கில் இருப்பது 80 ஈ. 4 செத்திருக்கின்றன, மாற்றும்போது 1 பறந்துவிட்டது. அன்றைய பிழைப்பு 76/80, அதாவது 0.95. அதுவரை ஓடிவந்த பிழைப்பு விகிதம் 0.84 என்றால் இப்போது 0.84 × 0.95 = 0.798. திங்கள்கிழமைக் கணக்கு 75-ல் தொடங்கும். பறந்ததையும் சாவில் சேர்த்திருந்தால் 0.7875 வந்திருக்கும். ஒரு நாளில் இது சில்லறை. ஆனால் 13 வாரத்தில் ஏறக்குறைய 39 மாற்றல். மாற்றலுக்கு ஒன்று பறந்தால் நூறில் 39 ஈ போலிச் சாவு. இந்தக் கணக்குக்குக் காப்லான்-மையர் என்று பெயர், எக்செல்லிலேயே போடலாம். பிழைப்பு விகிதத்தை நாள்வாரியாக வரைந்த கோடு 0.5-ஐக் கடக்கும் நாள்தான் நடுவாயுள். இரண்டு கோடுகளை ஒப்பிட லாக்-ரேங்க் சோதனை.

குப்பியில் ஈ குறைந்துவிட்டதே என்று இரண்டைச் சேர்த்து ஒன்றாக்காதீர்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் ஈக்குத் தெரியாது. விடுமுறையில் யார் வருவது என்ற பட்டியலை முதல் வாரமே ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் மாற்றாமல் விட்ட குப்பியில் புழுக்கள் உணவைக் கூழாக்கி, தாய் ஈக்கள் அதில் மூழ்கியிருக்கும்.

கோடுகளைப் படிப்பது

பொதுவாக 10 கிராம் ஈக்கள் மெலிந்து, முட்டை அரிதாகி, சீக்கிரம் சாகும். 100 கிராமில் நீண்ட ஆயுள். 200 கிராமில் முட்டை அதிகம், ஆயுள் குறைவு. உச்சி எங்கே விழும் என்பது ரகத்தையும் ஈஸ்ட்டையும் பொறுத்துத் தள்ளிப்போகும்.

மூன்றில் எதுவும் முப்பது நாளில் பாதி காலியாகிவிட்டால் சோதனையைத் தூக்கிப்போட்டுக் காரணத்தைத் தேடுங்கள்: சூடு, ஈரம், சிலந்திப்பேன், பாரபென். (10 கிராமுக்கு மட்டும் இதில் விலக்கு.) இந்த ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதுவும் கலக்காத உணவில் வைத்த ஒப்பீட்டுக் கூட்டம் நோயால் சீக்கிரம் செத்துக்கொண்டிருந்தால், துளசி முதல் சீந்தில்கொடி வரை எதைக் கலந்தாலும் ‘ஆயுள் கூடியது’ என்றே வரும். ஆயுள் நீட்டும் பொருள் என்று ஒரு கட்டுரை சொன்னால், முதலில் அதன் ஒப்பீட்டு ஈக்கள் எத்தனை நாள் வாழ்ந்தன என்று பாருங்கள்.

இன்னொரு சந்தேகம் தேர்வில் கேட்பார்கள்: 200 கிராம் உணவு வறண்டது, ஈ தாகத்தில் சாகிறதோ? 2009-ல் வந்த ஓர் ஆய்வு, தண்ணீர் தனியாகக் கொடுத்ததும் வித்தியாசம் மறைந்தது என்றது. 2010-ல் இன்னொன்று, தண்ணீர் கொடுத்தும் வித்தியாசம் நின்றது என்றது. உங்கள் ஆய்வகத்தில் எது என்று அறிய, 200 கிராமில் ஐந்து குப்பி கூடுதலாக வைத்து, அவற்றின் சுவரில் 1 சதவீத வெறும் அகர்த் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

ஆள் பலம் இருந்தால் செய்யத்தக்க கூடுதல் சோதனைகள் இரண்டு. ஒன்று, உணவு மாற்றம்: 200 கிராம் ஈக்களில் ஒரு பகுதியை மூன்றாம் வாரம் 100 கிராமுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளிலேயே அவற்றின் அன்றாடச் சாவு விகிதம், தொடக்கத்திலிருந்தே குறைந்த உணவில் இருந்தவற்றின் விகிதத்துக்கு இறங்கும் என்று 2003-ல் லண்டனில் காட்டியிருக்கிறார்கள். சேர்ந்த சேதம் ஆயுளைத் தின்கிறது என்ற எளிய விளக்கத்தில் இது இடிக்கும். வைவாவில் பேச நிறைய இருக்கும். வாரம் மூன்று முறை எண்ணினால் இதைப் பிடிக்க முடியாது, அந்த ஒரு வாரம் தினமும் எண்ண வேண்டும்.

மற்றது நீலச் சோதனை. உணவில் லிட்டருக்கு 25 கிராம் பிரில்லியன்ட் ப்ளூ சாயம் கலந்து ஓர் இரவு தின்னவிடுங்கள். இளம் ஈயில் வயிற்றுக்குழாய் மட்டும் நீலமாகத் தெரியும். குடல் சுவர் ஒழுகத் தொடங்கிய ஈ தலை முதல் கால் வரை நீலமாகிவிடும், அதற்கு நாள் அதிகம் இல்லை. வயது கூடக்கூட நீல ஈக்கள் கூடும். கேக் கடைச் சாயப்பொடியில் உப்போ சர்க்கரையோ கலந்திருக்கும். ரசாயனக் கடையில் தூய சாயமாக வாங்குங்கள். ஆயுள் எண்ணும் குப்பிகளில் இதைச் செய்யாமல், அதே வயதில் தனியாக வைத்த ஈக்களில் செய்யுங்கள்.

மனிதருக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு அளவோடு பதில் சொல்லுங்கள். உணவைக் குறைத்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்ததை மெக்கே குழு 1935-ல் காட்டியது. 600 நாள் வயதில் ராபமைசின் (டார் பாதையை அடக்கும் மருந்து) கொடுக்கத் தொடங்கிய சுண்டெலிகளும் கூடுதல் நாள் வாழ்ந்தன என்று 2009-ல் வந்தது. ரீசஸ் குரங்குகளில் அமெரிக்க ஆய்வுகள் இரண்டும் ஆயுளைப் பற்றி வேறு வேறு முடிவு சொல்லின. மனிதர்களில் இரண்டு வருடம் நடந்த கேலரி (CALERIE) என்ற ஆய்வில் உணவின் கலோரியை 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், ஏறக்குறைய 12 சதவீதம்தான் முடிந்தது. ஆயுள் கூடியதா என்று பார்க்க அது போதுமான காலமும் இல்லை.

அறுபதாம் நாளில் முடிவு தெரிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். கோட்டின் வால்தான் உச்ச ஆயுளைச் சொல்லும், கடைசி ஈ சாகும்வரை அந்த ஒரு குப்பியும் திங்கள், புதன், வெள்ளி மாறியாக வேண்டும். பயன்படுத்திய குப்பிகளை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, புழுவும் முட்டையும் செத்த பிறகு கழுவுங்கள். அப்படியே தொட்டியில் கவிழ்த்தால் பத்தாம் நாள் விடுதிச் சமையலறையிலிருந்து புகார் வரும்.